கார்டில் போன பணம்: எதை, எப்போது, எப்படி எழுதிக் கொடுப்பது

முப்பத்தொரு வருடம் வங்கி கவுண்டருக்கு உள்பக்கம் உட்கார்ந்திருந்தவள் நான். கடைசி ஆறு வருடம் தஞ்சாவூர் மாவட்டத்தில் ஒரு கிளையில் புகார் மேசை. "மேடம், என் பணம் போயிடுச்சு" என்று பதறிக்கொண்டு வருபவர்களிடம் என் முதல் கேள்வி, "ஓடிபி யாருக்காவது சொன்னீங்களா?" என்பதாகத்தான் இருக்கும். யாரும் அப்படிக் கேட்கச் சொல்லித் தரவில்லை. பக்கத்து மேசைக்காரர் கேட்டார், நானும் கேட்டேன். கேட்ட மாத்திரத்தில் வந்தவர் முகம் சுருங்கிவிடும். பணத்தைப் பறிகொடுத்தவர் பதில் சொல்ல வேண்டியவராகிவிடுவார். "இல்லீங்க மேடம்... சொன்ன ஞாபகம் இல்லீங்க" என்று இழுப்பார். அந்த இழுவையை நான் கோப்பில் எழுதிவைத்துக்கொள்வேன்.

ஓய்வு பெற்ற பிறகு அதே கேள்வியை ஒரு பையன் என்னிடம் கேட்டான். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

போகி இரவு. ஒரு புதன்கிழமை. மறுநாள் பொங்கலுக்குக் கரும்பு, மஞ்சள் கொத்து எல்லாம் வாங்கி வைத்துவிட்டுப் படுத்தேன். 11.52க்கு போன் அதிர்ந்தது. 11.53க்கு இன்னொன்று. 11.55க்கு மூன்றாவது. ரூ.9,812, மறுபடி ரூ.9,812, அப்புறம் ரூ.4,906. ஏதோ வெளிநாட்டு இணையக் கடையின் பெயர், டாலர் கணக்கு. மொத்தம் ரூ.24,530. ஓடிபி வரவே இல்லை. வராதுதான். நம் நாட்டு இணையக் கடைகளில் கார்டு போட்டால் ஓடிபி போன்ற இரண்டாவது சரிபார்ப்பு கட்டாயம். வெளிநாட்டுக் கடைகள் பலவற்றில் கார்டு எண், காலாவதித் தேதி, பின்பக்கத்து மூன்று இலக்கம் இருந்தாலே போதும். மகனைப் பார்க்க சிங்கப்பூர் போனபோது வெளிநாட்டுப் பயன்பாட்டைத் திறந்துவிட்டு, திரும்பி வந்து அணைக்க மறந்திருந்தேன்.

எனக்கு வேலை தெரியும் என்பதால் நான் செய்தது இது. வங்கி ஆப்பைத் திறந்து கார்டை அணைத்தேன். பிறகு கார்டின் பின்பக்கத்தில் அச்சடித்திருக்கும் எண்ணுக்குப் போன் போட்டேன். கூகுளில் "கஸ்டமர் கேர்" என்று தேடி முதலில் வரும் எண்ணுக்கு எக்காரணம் கொண்டும் போடாதீர்கள். பறிகொடுத்தவன் எங்கே தேடுவான் என்று தெரிந்து அங்கேயே போலி எண்ணைப் போட்டுவைக்கிற கூட்டம் இருக்கிறது. கார்டின் முதுகு, பாஸ்புக், வங்கியின் சொந்த இணையதளம், இந்த மூன்றில் இருக்கும் எண்தான் எண்.

லைனில் வந்த பெண் மரியாதையாகப் பேசினார். "கார்டை பிளாக் பண்ணிட்டோம் மேடம். வேற ஏதாவது உதவி வேணுமா?"

இந்த இடத்தில்தான் பாதிப் பேர் "ரொம்ப நன்றிம்மா" என்று வைத்துவிடுகிறார்கள். கார்டை முடக்குவது வேறு, புகார் பதிவது வேறு. முடக்கினால் இனிமேல் பணம் போகாது, அவ்வளவுதான். போன பணத்தைப் பற்றி நீங்கள் இன்னும் ஒன்றுமே சொல்லவில்லை என்றுதான் வங்கியின் கணினி நினைத்துக்கொண்டிருக்கும். "இந்த மூன்று நடவடிக்கைகளும் நான் செய்ததல்ல, புகாராகப் பதிந்து எண் கொடுங்கள்" என்றேன். "லீவு முடிஞ்சு கிளையில் ஃபார்ம் கொடுத்துடுங்க மேடம்" என்றார். "அதையும் கொடுக்கிறேன், இப்போது எண் கொடுங்கள்" என்றேன். 12.19க்கு எண் வந்தது. அதை எஸ்எம்எஸ்ஸாகவும் அனுப்பச் சொல்லி, வந்த பிறகுதான் போனை வைத்தேன். முதல் செய்தி வந்ததிலிருந்து இருபத்தேழு நிமிடம்.

அந்த நேரக் கணக்கு ஏன் அவ்வளவு முக்கியம் என்றால், உங்கள் பணம் திரும்புமா என்பதில் பெரும்பகுதியை அதுதான் முடிவு செய்கிறது.

2017 ஜூலை 6 அன்று ரிசர்வ் வங்கி ஒரு சர்குலர் வெளியிட்டது. வாடிக்கையாளர் அனுமதி இல்லாமல் நடந்த மின்னணு நடவடிக்கைகளில் அவர் தலையில் எவ்வளவு விழும் என்பதற்கான விதி அது. அதே வருடம் டிசம்பரில் கூட்டுறவு வங்கிகளுக்கும், 2019 ஜனவரியில் வங்கி அல்லாத நிறுவனங்களின் வாலட்டுகளுக்கும் இதே மாதிரி விதி வந்தது. எங்கள் கிளைக்கு அந்தச் சர்குலர் வந்த அன்று நான் கையெழுத்துப் போட்டு வாங்கி ஃபைலில் கோத்தேன். முழுசாகப் படித்தது என் பணம் போன பிறகுதான்.

விஷயம் மூன்று கிளையாகப் பிரிகிறது. தவறு வங்கியினுடையது என்றால், அதாவது அவர்கள் பக்கம் மோசடியோ கவனக்குறைவோ குறைபாடோ இருந்தால், நீங்கள் புகார் கொடுத்தீர்களா இல்லையா என்பதுகூடப் பொருட்டல்ல. உங்கள் பொறுப்பு பூஜ்யம். தவறு உங்களுடையது என்றால், ஓடிபியோ பின் நம்பரோ சொல்லிவிட்டீர்கள் என்றால், வங்கிக்குத் தெரிவிக்கும் நிமிடம் வரை போனதெல்லாம் உங்கள் கணக்கு. தெரிவித்த பிறகு போனது வங்கியின் கணக்கு. தவறு உங்களிடமும் இல்லை, வங்கியிடமும் இல்லை, நடுவில் எங்கோ கசிந்தது என்றால், அப்போதுதான் நாள் எண்ண வேண்டும். என் கதை இந்த மூன்றாவது வகை. கார்டு போட்டுப் பொருள் வாங்கிய ஏதோ ஒரு கடையிலிருந்து என் எண் கசிந்திருக்க வேண்டும்.

அந்தச் சர்குலர்படி, மூன்று வேலைநாளுக்குள் தெரிவித்தால் பூஜ்யம். நான்கிலிருந்து ஏழு வேலைநாளுக்குள் என்றால் ஒரு உச்சவரம்பு உண்டு. ஏழுக்கு மேல் போனால் அந்தந்த வங்கியின் இயக்குநர் குழு வகுத்த கொள்கைப்படி. அந்தக் கொள்கையை எல்லா வங்கியும் இணையதளத்தில் போட்டிருக்க வேண்டும். விதிகள் அவ்வப்போது திருத்தப்படும் என்பதால் உங்கள் வங்கியின் இப்போதைய கொள்கையை ஒருமுறை திறந்து பார்த்துவிடுவது நல்லது.

நாள் எண்ணுவதில் ஒரு சூட்சுமம். வங்கியின் செய்தி உங்களுக்குக் கிடைத்த நாளைச் சேர்க்கக் கூடாது. உங்கள் கணக்கு இருக்கும் கிளையின் வேலைநாட்களைத்தான் எண்ண வேண்டும். எனக்குச் செய்தி வந்தது ஜனவரி 14, புதன். 15 பொங்கல், 16 திருவள்ளுவர் தினம், 17 உழவர் திருநாள், 18 ஞாயிறு. நாலும் விடுமுறை. ஆக முதல் வேலைநாள் 19, மூன்றாவது 21. அந்த இரவில் போனை அணைத்துவிட்டுத் தூங்கியிருந்தாலும் விதிப்படி 21ஆம் தேதி மாலை வரை எனக்கு நேரம் இருந்தது. இதைச் சொல்வது யாரும் சாவகாசமாக இருக்கட்டும் என்பதற்காக அல்ல. பொங்கலுக்கு ஊருக்குப் போய்விட்டு வந்து 20ஆம் தேதி கிளைக்குப் போகிறவரிடம் "ஆறு நாள் ஆயிடுச்சே" என்று ஒரு ஊழியர் சொன்னால், சுவரில் தொங்கும் காலண்டரைக் காட்டி எண்ணச் சொல்லலாம் என்பதற்காக.

இனி உச்சவரம்பு. இதைப் பலரும் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள், நானும் அப்படித்தான் வாடிக்கையாளர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஜன்தன் போன்ற அடிப்படைச் சேமிப்புக் கணக்குக்கு ரூ.5,000. சாதாரண சேமிப்புக் கணக்கு, வாலட், ரூ.5 லட்சம் வரை வரம்புள்ள கிரெடிட் கார்டு, சிறு தொழில்களின் நடப்புக் கணக்கு, சராசரி இருப்பு ரூ.25 லட்சத்துக்குள் இருக்கும் தனிநபர் நடப்புக் கணக்கு ஆகியவற்றுக்கு ரூ.10,000. அதற்கு மேற்பட்ட நடப்புக் கணக்குகளுக்கும் ரூ.5 லட்சத்துக்கு மேல் வரம்புள்ள கிரெடிட் கார்டுகளுக்கும் ரூ.25,000. "நாலு நாள் தாமதமானாலும் பத்தாயிரத்துக்கு மேல் நஷ்டம் வராது" என்று இதைப் படித்ததும் தோன்றும். அப்படி இல்லை. இந்த வரம்பு ஒவ்வொரு நடவடிக்கைக்கும் தனித்தனி. போன தொகை, வரம்பு, இரண்டில் எது குறைவோ அது உங்கள் பொறுப்பு.

என் கணக்கையே போட்டுப் பாருங்கள். ரூ.9,812, ரூ.9,812, ரூ.4,906. மூன்றுமே பத்தாயிரத்துக்குக் கீழே. ஐந்தாவது வேலைநாளில் போய்ச் சொல்லியிருந்தால் ரூ.24,530ம் என் தலையில்தான். வரம்பு எனக்கு ஒரு பைசாகூட மிச்சப்படுத்தியிருக்காது. ஒரே அடியில் ரூ.60,000 போன ஒருவர் அதே ஐந்தாவது நாள் சொன்னால் பத்தாயிரம் போக ஐம்பதாயிரம் அவருக்குத் திரும்பும். திருடர்கள் பெரும்பாலும் ஒரே அடியாக எடுப்பதில்லை, துண்டு துண்டாகத்தான் எடுக்கிறார்கள். அதனால் சேமிப்புக் கணக்கு வைத்திருக்கும் நம்மைப் போன்றவர்களுக்கு நாலு முதல் ஏழு என்ற அந்தக் கட்டம் பேருக்குத்தான் இருக்கிறது. மூன்று நாள்தான் நமக்கு உள்ள நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, 19ஆம் தேதி திங்கட்கிழமைக்கு வருகிறேன். கிளைக்குப் போனேன். புகார் மேசையில் இருபத்தைந்து வயதுப் பையன். உட்காரச் சொன்னான், தண்ணீர் வேண்டுமா என்று கேட்டான். அப்புறம், "மேடம், ஓடிபி ஷேர் பண்ணீங்களா?"

சிரிப்பு வந்துவிட்டது. "தம்பி, ஓடிபி வரவே இல்லை. வந்திருந்தாலும் நான் சொன்னேன் என்று நிரூபிக்க வேண்டியது நீங்கள்" என்றேன். அந்தச் சர்குலரில் எனக்குப் பிடித்த வரி அதுதான்: வாடிக்கையாளருக்குப் பொறுப்பு உண்டு என்று நிரூபிக்கும் கடமை வங்கியைச் சேர்ந்தது. நாம் குற்றமற்றவர் என்று நாம் காட்ட வேண்டியதில்லை. எஸ்எம்எஸ் அனுப்பினோம், நீங்கள் பதில் அனுப்பவில்லை, அதனால் பொறுப்பு உங்களுடையது என்று வங்கி சொல்ல முடியாது என்று கேரள உயர்நீதிமன்றம் 2019இல் ஒரு வழக்கில் தீர்ப்பளித்தது. அசாமில் ஒருவர் இணையத்தில் வாங்கிய துணியைத் திருப்பிக் கொடுக்கப் போய், கஸ்டமர் கேர் என்று பேசியவனை நம்பி ஒரு ஆப்பை இறக்கியதில் ரூ.94,204 போனது. அவர் ஒரே நாளுக்குள் புகார் கொடுத்திருந்தார். வங்கி கடைசிவரை அவர் மேல்தான் பழி போட்டது. கௌகாத்தி உயர்நீதிமன்றம் வங்கிதான் திருப்பித் தர வேண்டும் என்றது. 2025 ஜனவரியில் உச்சநீதிமன்றமும் வங்கியின் மேல்முறையீட்டைத் தள்ளிவிட்டது. எல்லோருக்கும் இப்படியே ஆகும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவர் கையில் இருந்ததும் அதே இரண்டுதான்: சீக்கிரம் சொன்னதற்கான பதிவு, வங்கியிடம் ஆதாரம் இல்லாமை.

இப்போது எழுத்து. இதைப் பற்றிக் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன், ஏனென்றால் ஆறு வருடம் நான் வாங்கிய புகார்க் கடிதங்களில் முக்கால்வாசி, எழுதியவருக்கே எதிராகப் பேசின. "எப்படியோ என் பணம் போய்விட்டது, தயவுசெய்து பெரிய மனது பண்ணி..." என்று ஆரம்பிக்கும். நடுவில் "நான் தெரியாமல் எதையாவது அழுத்தியிருக்கலாம்" என்று ஒரு வரி இருக்கும். அழுத்தினார் என்று அவருக்கே நிச்சயமில்லை. பணிவாக இருக்க வேண்டுமே என்று எழுதியிருப்பார். அந்த வரியைத்தான் மேலிடத்துக்கு அனுப்பும் குறிப்பில் அடிக்கோடிடுவோம். வீட்டுக் கஷ்டம், பெண்ணின் கல்யாணம் எல்லாம் இரண்டு பக்கத்துக்கு இருக்கும். பணம் போன நேரமும் புகார் எண்ணும் எங்குமே இருக்காது.

நான் கொடுத்த கடிதம் இவ்வளவுதான்:

"என் சேமிப்புக் கணக்கிலிருந்து ஜனவரி 14 இரவு 11.52, 11.53, 11.55 ஆகிய நேரங்களில் முறையே ரூ.9,812, ரூ.9,812, ரூ.4,906, மொத்தம் ரூ.24,530 எடுக்கப்பட்டுள்ளது. இவற்றை நான் செய்யவில்லை. செய்ய யாருக்கும் அனுமதி தரவில்லை. கார்டு என்னிடமே இருக்கிறது. கார்டு விவரம், பின், ஓடிபி எதையும் யாரிடமும் சொல்லவில்லை. செய்தி கிடைத்த இருபத்தேழாவது நிமிடத்தில், 12.19 மணிக்கு, தொலைபேசியில் புகார் பதிந்தேன். புகார் எண் இது. ரிசர்வ் வங்கியின் 6.7.2017 தேதியிட்ட சர்குலரின்படி இதில் என் பொறுப்பு பூஜ்யம். பத்து வேலைநாளுக்குள் இத்தொகையை, அது எடுக்கப்பட்ட தேதியிட்டு வரவு வைக்க வேண்டுகிறேன். நான் கவனக்குறைவாக நடந்துகொண்டதாக வங்கி கருதினால், அதற்கான ஆதாரத்தை எழுத்துமூலம் தரவும்."

கீழே பெயர், கணக்கு எண், கையெழுத்து. கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். "உங்கள் கோரிக்கை நிராகரிக்கப்பட்டது" என்று ஒற்றை வரியில் பதில் அனுப்புவதை அது சங்கடமாக்கும். தமிழில் எழுதலாம். இரண்டு பிரதி எடுத்துப் போய் ஒன்றில் கிளை முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். "சீல் போட மேனேஜர் இல்லை" என்றால் உட்கார்ந்திருங்கள். அரை மணி நேரத்தில் வந்துவிடுவார், நான் எத்தனை முறை அப்படிச் சொல்லியிருக்கிறேன் என்று எனக்குத் தெரியும். கூடவே எஸ்எம்எஸ்ஸின் ஸ்கிரீன்ஷாட்டும் ஸ்டேட்மெண்டில் அந்தப் பக்கமும். வேறு ஊர் ஏடிஎம்மில் பணம் எடுக்கப்பட்டிருந்தால், அந்த நேரத்தில் நீங்கள் உங்கள் ஊரில்தான் இருந்தீர்கள் என்பதற்கு ஏதாவது. வருகைப் பதிவேடு, மருத்துவமனைச் சீட்டு, எதுவானாலும் சரி.

ஒன்று மட்டும்: ஓடிபி சொல்லியிருந்தால், சொல்லவில்லை என்று எழுதாதீர்கள். போன் பதிவு, கணினிப் பதிவு எல்லாம் அவர்களிடம் இருக்கிறது. பொய் மாட்டினால் உங்களுக்கு உரிய பாதிப் பணமும் போகும். எங்கள் எதிர்வீட்டு சார் கதை அதற்குத்தான்.

அவர் ஓய்வு பெற்ற கணக்கு ஆசிரியர். மாலை மூன்றரைக்கு "கேஒய்சி முடியப்போகுது" என்று ஒருவன் பேச, ஓடிபியைச் சொல்லிவிட்டார். 3.36க்கு ரூ.20,000 போனது. புரிந்துகொண்டு 3.40க்கு வங்கிக்குப் பேசிப் புகார் எண்ணும் வாங்கிவிட்டார். ஆனாலும் 3.47க்கு இன்னொரு ரூ.15,000 போனது. வெட்கத்தில் யாரிடமும் சொல்லாமல் இரண்டு நாள் வீட்டுக்குள்ளேயே இருந்தார். "பையன்களுக்கு வாழ்நாள் பூரா கணக்கு சொல்லிக் கொடுத்தவன், இப்படி ஏமாந்துட்டேனேம்மா" என்றார். அவரிடம் நான் கேட்டது இரண்டே நேரம்தான். முதல் இருபதாயிரம் அவர் பொறுப்பு, அதில் வாதாட இடமில்லை. 3.40க்குத் தெரிவித்த பிறகு 3.47க்குப் போன பதினைந்தாயிரம் வங்கியின் பொறுப்பு. ஓடிபி சொன்னதை மறைக்காமல், இந்த இரண்டு நேரத்தையும் பிரித்து எழுதிக் கொடுத்தோம். பதினைந்தாயிரம் வந்தது. வாடிக்கையாளர் தவறு இருந்தாலும் வங்கி விரும்பினால் பொறுப்பைத் தள்ளுபடி செய்யலாம் என்றும் சர்குலரில் இருக்கிறது. இருபதாயிரத்துக்கு அதையும் கேட்டுப் பார்த்தோம், கொடுக்கவில்லை.

இதிலேயே இன்னொரு வகை உண்டு. ஏமாற்றுக்காரன் பேச்சைக் கேட்டு நீங்களே ஜிபேயில் பின் நம்பர் அடித்து அனுப்பிய பணம், வேலை தருவதாகச் சொன்னவனுக்கு, பங்குச் சந்தையில் இரட்டிப்பாக்குவதாகச் சொன்னவனுக்கு அனுப்பிய பணம். வங்கியின் கண்ணில் அது அனுமதியில்லாத நடவடிக்கை அல்ல, நீங்களே செய்தது. மேலே சொன்ன பூஜ்யம், உச்சவரம்பு எதுவும் அங்கே கைகொடுக்காது. அதற்கு இருக்கும் நல்ல வழி 1930.

1930 என்பது சைபர் குற்ற உதவி எண். எந்த வகையில் பணம் போயிருந்தாலும், வங்கிக்குப் பேசி முடித்த கையோடு இதற்கும் பேசுங்கள். பணம் போய்ச் சேர்ந்த கணக்கைக் கண்டுபிடித்து, திருடன் அதை எடுப்பதற்குள் நிறுத்திவைக்க முயல்வார்கள். ஒரு கணக்கிலிருந்து நாலு கணக்கு, நாலிலிருந்து பத்து என்று பணம் பிரிந்து ஓடும். அதனால் இங்கே கணக்கு மணியில்தான், நாளில் இல்லை. பேசும்போது கணக்கு எண், தொகை, நேரம், எஸ்எம்எஸ்ஸில் இருக்கும் பரிவர்த்தனை எண் கையில் இருக்கட்டும். லைன் கிடைக்காவிட்டால் தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்தில் நேரடியாகப் பதியலாம்.

சில கிளைகளில் "எஃப்ஐஆர் காப்பி கொண்டு வாங்க, அப்புறம் பார்க்கலாம்" என்பார்கள். ஸ்டேஷனுக்குப் போனால், புகாரைப் பெற்றுக்கொண்டோம் என்று சிஎஸ்ஆர் ரசீது மட்டும் கொடுத்து அனுப்புவார்கள். இரண்டுக்கும் நடுவில் அலைந்தே மூன்று நாள் முடிந்துவிடும். புகாரைப் பெற்றுக்கொள்ள எஃப்ஐஆர் வேண்டும் என்று அந்தச் சர்குலரில் எங்கும் இல்லை. கடிதத்தை முதலில் கொடுத்து முத்திரை வாங்கிவிடுங்கள். சிஎஸ்ஆரோ 1930 புகார் எண்ணோ பின்னால் சேர்த்துக்கொள்ளலாம்.

தெரிவித்த பத்து வேலைநாளுக்குள் வங்கி அந்தத் தொகையை உங்கள் கணக்கில் தற்காலிகமாக வரவு வைக்க வேண்டும். இன்சூரன்ஸ் பணம் வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. பணம் போன தேதியிட்டே வைக்க வேண்டும், அதனால் வட்டி நஷ்டமும் இருக்காது. எனக்கு, நாலாவது சனி, குடியரசு தினம் எல்லாம் கழித்து ஒன்பதாவது வேலைநாள், ஜனவரி 30 அன்று வந்தது. அதை உடனே எடுத்துச் செலவழித்துவிடாதீர்கள். விசாரணை முடியும் வரை அது பாதிதான் உங்களுடையது. விசாரணைக்கு வங்கிக்கு உள்ள கெடு புகார் கிடைத்ததிலிருந்து 90 நாள். அதற்குள் முடிவு செய்ய முடியாவிட்டால் விதிப்படி உங்களுக்கு உரியதைக் கொடுத்தே ஆக வேண்டும்.

வங்கி மறுத்தாலோ, எழுத்துப் புகாருக்கு 30 நாள் பதிலே இல்லாவிட்டாலோ, ரிசர்வ் வங்கியின் ஓம்புட்ஸ்மேன், அதாவது குறைதீர்ப்பாளர். சிஎம்எஸ் என்ற இணையதளத்தில் பதியலாம், 14448இல் விவரம் கேட்கலாம். செலவில்லை. வக்கீல் மூலம் போகவும் முடியாது, நீங்களோ நீங்கள் எழுத்துமூலம் அனுமதித்த வேறொருவரோதான் போக வேண்டும். வங்கிக்கு முதலில் எழுதிய முத்திரைப் பிரதி அங்கேதான் உயிர் காக்கும். அது இல்லாமல் போனால் "முதலில் வங்கியிடம் போ" என்று திருப்பிவிடுவார்கள். "ஓம்புட்ஸ்மேனுக்கு எழுதப் போகிறேன்" என்று கிளையில் சத்தம் போடுவதில் பயனில்லை, தினம் நாலு பேர் சொல்வார்கள். எழுதுங்கள்.

கடைசியாக, எங்கள் தெருவுக்குப் பூ கொண்டுவரும் அம்மா. ஜன்தன் கணக்கு. ஒரு நாள் பாஸ்புக்கைக் கொண்டுவந்து, "அக்கா, இதுல என்னமோ குறையுது, பாருங்க" என்றார். ஒன்றரை மாதத்துக்கு முன்னால் ரூ.7,000, மறுநாள் ரூ.3,500. இரண்டிலும் ஏஇபிஎஸ் என்று அச்சாகியிருந்தது. ஆதாரும் கைரேகையும் வைத்துப் பணம் எடுக்கும் முறை அது. கார்டும் வேண்டாம், ஓடிபியும் வேண்டாம். பத்திரங்களில் இருக்கும் ரேகையைப் பிரதி எடுத்து சிலிகானில் போலி விரல் செய்கிற கும்பல்களைப் பல மாநிலங்களில் போலீஸ் பிடித்திருக்கிறது. பூக்காரம்மாவின் ரேகை எங்கே கசிந்தது என்று இன்றுவரை தெரியாது. எஸ்எம்எஸ் எல்லாம் அவர் எப்போதோ தூக்கிப் போட்ட சிம்முக்குப் போயிருக்கிறது.

இந்த இடத்தில் வங்கிக்கு வலுவான பேச்சு இருந்தது: பதிவு செய்த எண்ணுக்குச் செய்தி அனுப்பிவிட்டோம் என்று. எங்களுக்கு இருந்தது: அவருக்குச் செய்தி கிடைத்ததே பாஸ்புக் அச்சடித்த அன்றுதான், மறுநாளே எழுதிக் கொடுத்துவிட்டார், பணம் எடுக்கப்பட்டது வேறொரு மாநிலத்தில், அந்த நாட்களில் அவர் இங்கே பூ விற்றுக்கொண்டிருந்தார். தெருவில் ஐந்து பேர் கையெழுத்துப் போட்டோம். ஐம்பத்திரண்டு நாள் கழித்துப் பணம் வந்தது. வராமலும் போயிருக்கலாம். போன் எண் சரியாக இருந்திருந்தால் இவ்வளவு பேச்சே வந்திருக்காது.

அவருக்குப் புது எண்ணை வங்கியில் பதிந்து, ஆதார் ஆப்பில் கைரேகையைப் பூட்டிக் கொடுத்தான் என் மகன். பூட்டிவிட்டால், தேவைப்படும்போது நாமே திறக்கும் வரை அந்த ரேகையை வைத்து யாரும் பணம் எடுக்க முடியாது. ரேஷன் கடையில் விரல் வைக்கும் முன் திறந்துகொள்ள வேண்டும், அந்த ஒரு தொந்தரவு உண்டு. மாதத்துக்கு ஒரு நாள் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து திறந்துகொண்டு போகிறார். நானும் என் கார்டில் வெளிநாட்டுப் பயன்பாட்டை அணைத்துவிட்டேன். 2020 அக்டோபரிலிருந்து எல்லா வங்கியும் இந்த அணைக்கும் வசதியைத் தந்தாக வேண்டும், ஆப்பில் ஒரு நிமிட வேலை.

அவர் பாஸ்புக்கின் உள்ளட்டையில் பெரிய எழுத்தில் நாலு வரி எழுதிக் கொடுத்தேன். வங்கியின் எண். 1930. "கார்டை நிறுத்து, புகார் நம்பர் கேள்." "எத்தனை மணி என்று எழுதி வை." பூக்காரம்மாவுக்குப் படிக்க வராது, பேத்தி ஆறாம் வகுப்பு. அவள் வாய்விட்டுப் படித்துக் காட்டியதும், "நம்பரை மட்டும் இன்னும் கொஞ்சம் பெருசா எழுதிக் குடுங்கக்கா" என்றார்.